பழைய கொரோலா சிஈ106 வாகன்: காலையில் வெள்ளைப் புகை, ஏற்றத்தில் சூடு. எதை முதலில் பார்ப்பது?

வாகன்106:
வணக்கம் அண்ணைமார். கைமாறி வந்த கொரோலா சிஈ106 வாகன் ஒன்று வாங்கியிருக்கிறேன். 2சி டீசல் எஞ்சின், மனுவல் கியர். காலையில் ஸ்டார்ட்டர் நீண்ட நேரம் சுற்றினால்தான் பிடிக்கிறது. பிடித்ததும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை, உதறல். சூடான பிறகு உடனே பிடிக்கும். றம்பொடை ஏற்றத்தில் ஏசியோடு போனால் வெப்ப ஊசி பாதியைத் தாண்டுகிறது, சமதரையில் சரி. தண்ணீர் குறைகிறது, கீழே ஒழுக்கு இல்லை. ஒயில் மூடியில் பால் நிறமும் இல்லை. முழுக்க வெட்டித் திருப்பும்போது இடது முன்சில்லில் டக் டக் சத்தம். வால்வுகளையும் டீசல் பம்பையும் ஓட்டும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாது. டீசல் தெளிக்கும் நொசிலையும் டீசல் பம்பையும் கழற்றிச் செய்யலாம் என்று கராஜில் சொல்கிறார்கள். செய்யவா?

டீசல்கை:
தம்பி, பம்பை இப்ப தொடாதீங்கோ. ஒழுக்கு இல்லாமல் தண்ணீர் குறையுதெண்டால் முதல் சந்தேகம் ஹெட், சிலிண்டர்களுக்கு மேல மூடி நிக்கிற பாகம். 2சியில பிளொக் இரும்பு, ஹெட் அலுமினியம். ஒருக்கா நல்லாக் கொதிச்சால் வால்வ் உக்காருற சீற்றுகளுக்கு நடுவில வெடிப்பு விழும். அந்த வெடிப்பு எரியிற அறைக்கும் தண்ணீர் வழிக்கும் இடையில விழுந்தால் ஒயிலுக்குத் தண்ணீர் போகாது. அதால பால் நிறம் இல்லை எண்டு ஆறுதல்பட வேண்டாம்.

இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில ஸ்டார்ட் பண்ணமுதல் ரேடியேற்றர் மூடியைத் திறவுங்கோ. ஆறின பிறகும் "உஸ்" எண்டு காற்று வந்தால் அது நல்ல அறிகுறி இல்லை. வாய் மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பி, மூடி இல்லாமலே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கோ. முதல்ல ரெண்டு மூண்டு பெரிய குமிழி வந்து நிண்டால் அது உள்ளுக்கு அடைபட்ட காற்று. தேர்மோஸ்டாட் (சூடானால் மட்டும் ரேடியேற்றருக்குத் தண்ணீர் விடுற வால்வ்) திறக்கமுதலே, மேல் ஹோஸ் இன்னும் குளிராயிருக்கேக்க, சோடா மாதிரிச் சின்னக் குமிழிகள் விடாமல் வந்தால் அது எரியிற அறையிலிருந்து தண்ணீருக்குள்ள புகுற வாயு. எஞ்சின் சூடான பிறகு மட்டும் மூடியில கை வைக்காதீங்கோ.

புகையையும் மணந்து பாருங்கோ. கண் எரிஞ்சு டீசல் மணந்தால் எரியாத டீசல். இனிப்பா மணந்தால் கூலன்ட் எரியுது. கூலன்ட் கலக்காத வெறும் தண்ணீர் விட்டிருந்தால் இந்த மணம் வராது.

மலைப்பாதை:
தேர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் ஏற்றத்தில் சூடு குறையுமே? நிறையப் பேர் அப்படித்தான் ஓடுகிறார்கள்.

டீசல்கை:
வேண்டாம். டீசல் எஞ்சின் குளிரில ஓடினால் எரிப்புச் சரியா நடக்காது, கரி கூடும், சிலிண்டர் தேயும். நோயும் மறைஞ்சுபோகும். சந்தேகமெண்டால் கழற்றிச் சுடுதண்ணீரில போட்டு வெப்பமானியோட பாருங்கோ. அதில 82 எண்டு அடிச்சிருந்தால் அந்தச் சூட்டில வாய் திறக்கத் தொடங்க வேணும். ரேடியேற்றர் மூடியின்ர ரப்பரையும் பாருங்கோ. ஏசி போட்டால் முன் ஃபான் சுற்றுதா? சுற்றினால் ரேடியேற்றர் துடுப்புகளுக்கிடையில மண் அடைச்சிருக்கா எண்டு பின்பக்கமிருந்து தண்ணீர் அடிச்சுக் கழுவுங்கோ.

இன்னொண்டு: தண்ணீர் நல்லாக் குறைஞ்சு சென்சர் காற்றில நிண்டால் ஊசி கீழே இறங்கிக் காட்டும். ஊசி விழுந்திட்டுது எண்டு நம்பி ஓடித்தான் கனபேர் ஹெட்டைத் துலைக்கினம்.

பம்ப்ரூம்:
காலை ஸ்டார்ட்டுக்கு இரண்டு சோதனை போதும்.

குளிர் எஞ்சினில் எரியும் அறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றி ஒவ்வொன்றையும் மல்டிமீற்றரில் அளவுங்கள். நல்ல பிளக் ஒரு ஓம் அளவில் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் செத்தது. பிளக்குகள் சரியென்றால் தகட்டைத் திரும்பப் பூட்டி, சாவியை 'ON' நிலைக்குத் திருப்பி அதற்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்த மின்சாரத்தை விடும் ரிலேயைப் பாருங்கள்.

அடுத்தது டீசல் வழியில் காற்று புகுவது. ஸ்டார்ட் பண்ணமுன் டீசல் பில்டருக்கு மேலுள்ள கைப்பம்பை இறுகும்வரை அழுத்துங்கள். அப்படிச் செய்த அன்று உடனே பிடித்தால், இரவில் டீசல் டாங்கிக்குத் திரும்பி இறங்குகிறது. கைப்பம்பின் டயபிரம், பில்டர் ஓ-ரிங், நொசில் ரிட்டர்ன் ஹோஸ் மூன்றையும் பாருங்கள். பில்டருக்கும் பம்புக்கும் இடையில் கண்ணாடிபோலத் தெரியும் டீசல் ஹோஸ் ஒரு துண்டு போட்டால் காற்று கண்ணுக்கே தெரியும்.

டக் டக் சத்தம் வெளி சி.வி. ஜொயின்ட், அதாவது முன்சில்லைச் சுற்றும் தண்டின் வெளிப்பக்க மூட்டு. ரப்பர் பூட் கிழிந்து ரிம்மின் உட்பக்கம் கிறீஸ் தெறித்திருக்கும். சத்தம் வந்த பிறகு பூட் மட்டும் மாற்றிப் பயனில்லை.

வாகன்106:
பார்த்தேன். ஹீட்டர் பிளக்கில் 2 செத்துவிட்டன. குளிர் எஞ்சினிலேயே குமிழி விடாமல் வருகிறது. மூடி போட்டு ஓடவிட்டால் ஹோஸ் சூடாகும் முன்னமே கல்லாக இறுகுகிறது.

டீசல்கை:
அப்ப ஹெட் கழற்றத்தான் வேணும். லீக் அடைக்கிற தூள் ஒண்டும் போடாதீங்கோ, ரேடியேற்றர் குழாய்களும் சேர்ந்து அடைபடும்.

கழற்றமுதல் எந்தச் சிலிண்டர் எண்டு பிடிக்கலாம். எஞ்சின் சும்மா ஓடேக்க நொசில் குழாய் நட்டை ஒவ்வொண்டா அரைச் சுற்றுத் தளர்த்துங்கோ. டீசல் நிண்டதும் எதில குமிழி குறையுதோ அதில்தான் வெடிப்போ, ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் இடையில இருக்கிற கஸ்கெட்டில ஓட்டையோ. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, நட்டைத் துணியால சுத்துங்கோ. அந்த அழுத்தத்தில வாற டீசல் தோலைத் துளைச்சு உள்ள போகும், கையை நேர பிடிக்காதீங்கோ.

கழற்றின ஹெட்டை லேத் பட்டறையில தண்ணீர் அழுத்தம் குடுத்து, சூடாக்கியும் சோதிக்கச் சொல்லுங்கோ. குளிரில மூடியிருக்கிற வெடிப்பு சூட்டில்தான் திறக்கும். வெடிப்பு தண்ணீர் வழியைத் தொட்டிருந்தால் வெல்டிங்கில காசு போடாமல் வேற ஹெட் எடுங்கோ, அதையும் வாங்கமுதல் சோதிச்சு. வெறும் வளைவு எண்டால் சீவலாம். ஆனால் சீவின பிறகு வால்வ் உள்வாங்கின அளவையும் ஹெட்டில பதிச்சிருக்கிற எரிப்பு அறைக் கப்புகள் மட்டத்துக்கு நிக்குதா எண்டதையும் பார்க்க வேணும். கஸ்கெட் தடிப்பைப் பழையதைப் பார்த்து எடுக்காதீங்கோ. பிஸ்டன் பிளொக்குக்கு மேல எவ்வளவு நீட்டி நிக்குது எண்டு டயல் கேஜில அளந்து எடுங்கோ.

பம்ப்ரூம்:
ஹெட்டுக்காக டைமிங் பெல்ட் எப்படியும் கழரும். 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றும் பெல்ட் அது, வரலாறு தெரியாத வாகனத்தில் மீற்றரை நம்ப முடியாது. அறுந்தால் வால்வ் பிஸ்டனில் இடிக்கும். டென்ஷனர், ஐட்லர், காம் சீல், கிராங்க் சீல் எல்லாம் இப்போதே மாற்றுங்கள். பூட்டியதும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, காம், கிராங்க், டீசல் பம்ப் குறிகள் மூன்றும் திரும்ப நேராக வருகின்றனவா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட்டரைத் தொடுங்கள். ஹீட்டர் பிளக்கை நான்காகவே வாங்குங்கள், வோல்ட் அளவு பழையதோடு ஒத்திருக்க வேண்டும்.