பஸ் சீட்டில் கிடைத்த போன் லாக் ஆகியிருக்கிறது, அழைப்பும் வரவில்லை. உரியவரிடம் எப்படிச் சேர்ப்பது?

கரிசல்காட்டான்

நேற்று சாயங்காலம் மதுரை மாட்டுத்தாவணியில் திருநெல்வேலி பஸ் ஏறி கோவில்பட்டி வந்தேன், அரசு பஸ்தான். பக்கத்தில் ஒரு பெரியவர் சாத்தூர் வரைக்கும் வந்தார். அவர் இறங்கி ரொம்ப நேரம் கழித்து, நான் இறங்கப் போகும்போதுதான் சீட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவில் ஒரு ஆண்ட்ராய்டு போன் சொருகிக் கிடந்ததைப் பார்த்தேன். கண்டக்டரிடம் நீட்டினேன். "நீங்களே வச்சிருங்க சார், இப்பவே யாராவது கூப்பிடுவாங்க, நான் டிப்போவுல சேர்த்து அவங்க வந்து வாங்குறதுக்குள்ள ரெண்டு நாள் ஆயிரும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், நானும் சரி என்று வாங்கிக்கொண்டேன்.

பிரச்சினை என்னவென்றால் இதுவரை ஒரு அழைப்புகூட வரவில்லை. டவர் முழுசாகக் காட்டுகிறது. லாக் ஸ்க்ரீனில் ரீசார்ஜ் முடிந்துவிட்டது என்கிற மாதிரி ஒரு குறுஞ்செய்தியின் முதல் வரி மட்டும் தெரிகிறது. பேட்டர்ன் லாக். பின்னால் ஒரு ரப்பர் கவர். என்னிடம் உள்ள சார்ஜர் பொருந்துகிறது, போட்டிருக்கிறேன். அது அந்தப் பெரியவருடைய போனா, அவருக்கு முன்னால் அந்த சீட்டில் இருந்தவருடையதா என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என்ன செய்யலாம்? பக்கத்துக் கடைக்காரர் லாக்கை எடுத்துப் பார்த்துவிடலாம் என்கிறார், எனக்கு அதில் இஷ்டமில்லை.

சர்வீஸ்கடை

லாக் எடுக்கக் கொடுக்காதீர்கள் அண்ணாச்சி. நான் போன் பழுது பார்க்கிற தொழிலில்தான் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். பேட்டர்ன் தெரியாமல் லாக்கை எடுப்பது என்றால் பெரும்பாலும் போனை மொத்தமாக ரீசெட் அடிப்பதுதான். உள்ளே இருக்கிற போட்டோ, நம்பர் எல்லாம் போய்விடும். அதற்கப்புறமும் பழைய கூகுள் கணக்கைக் கேட்டு நிற்கும். உரியவரைக் கண்டுபிடிக்க இருந்த தடயத்தையும் நீங்களே அழித்த மாதிரி ஆகிவிடும்.

அழைப்பு வராததற்குக் காரணம் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. ப்ரீபெய்டில் பேக் முடிந்தால் வெளியே பேச முடியாது, அப்புறம் சில நாளில் உள்ளே வருகிற அழைப்பையும் நிறுத்திவிடுகிறார்கள். டவர் காட்டும், ஆனால் அந்தப் பக்கம் இருந்து கூப்பிடுகிறவருக்கு வேறு ஏதோ அறிவிப்புதான் கேட்கும். நெட்டும் இருக்காது. அதனால் வீட்டார், தொலைந்த போனைத் தேட உதவும் கூகுளின் 'ஃபைண்ட் ஹப்' வழியாக மணி அடிக்க வைத்தாலும், திரையில் தங்கள் நம்பரைக் காட்டச் சொன்னாலும், அது இந்தப் போனுக்கு வந்து சேராது.

முதலில் ரப்பர் கவரைக் கழற்றிப் பாருங்கள். நம் ஊரில் பாதிப் பேர் அதற்குள்தான் ஏடிஎம் கார்டு, பஸ் பாஸ், நம்பர் எழுதின துண்டுச் சீட்டு எல்லாம் வைக்கிறார்கள். அப்புறம் லாக் ஸ்க்ரீனில் கீழே 'அவசர அழைப்பு' என்று இருக்கும், அதைத் தொட்டால் 'அவசரத் தகவல்' என்று ஒன்று வரும். அதில் பெயர், ரத்த வகை, கூப்பிட வேண்டிய ஆள் என்று யாராவது நிரப்பி வைத்திருந்தால் பேட்டர்ன் இல்லாமலே பார்க்கலாம். பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும், இருந்தாலும் பாருங்கள். அதே இடத்தில் ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடித்தால் பல போன்களில் 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண், வரும், எழுதி வையுங்கள், போலீஸில் கொடுக்க நேர்ந்தால் உதவும்.

சார்ஜ் இறங்க விடாதீர்கள். ஒருமுறை ஆஃப் ஆகி ஆன் ஆகிவிட்டால், பேட்டர்ன் போடும் வரைக்கும் அழைப்பு வந்தால்கூட பெயர் காட்டாது, வெறும் நம்பர்தான் வரும்.

சும்மாஒருவன்

இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? சிம்மைக் கழற்றி உங்க போன்ல போடுங்க. சிம்லயே சேமிச்ச நம்பர் நாலு இருந்தா அதுல 'வீடு', 'மகன்'னு ஒண்ணு கண்டிப்பா இருக்கும். வயசானவங்க போன்ல பழைய சிம்தான், பாதி நம்பர் அதுலதான் கிடக்கும். ரெண்டு நிமிஷ வேலை.

நீதிமன்றவாசல்

மேலே சொன்னதை நான் செய்யமாட்டேன், உங்களையும் செய்யச் சொல்லமாட்டேன். சிம்மை உங்கள் போனில் போட்ட அந்த நிமிடமே உங்கள் போனின் ஐஎம்இஐ-யில் அந்த சிம் ஓடியது என்று கம்பெனியில் பதிவாகிவிடும். நாளைக்கே அந்த வீட்டில் யாராவது "அப்பா போன் காணோம், கணக்கில் பணமும் காணோம்" என்று புகார் கொடுத்தால் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். வங்கி ஓடிபி எல்லாம் அந்த சிம்முக்குத்தான் வருகிறது, மறக்க வேண்டாம். திருப்பியும் செய்யாதீர்கள், அதாவது உங்கள் சிம்மை அந்தப் போனில் போடுவது. 2023-லிருந்து நாடு முழுக்க மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் தொலைந்த போனை ஐஎம்இஐ வைத்து முடக்கலாம். முடக்கின போனில் எந்த சிம் போட்டாலும் அந்த விவரம் போலீஸுக்குப் போய்விடும். நல்லது செய்யப் போய் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும்.

சட்டம் உங்களைச் சந்தேகத்தோடு பார்க்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கிடந்த பொருளை, உரியவரிடம் கொடுக்கத்தான் எடுத்தேன் என்றால் அது குற்றமே இல்லை. உரியவர் யார் என்று தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழி இருந்தும் தனக்கென்று வைத்துக்கொண்டால்தான் பாரதிய நியாய சன்ஹிதா 314-வது பிரிவு வரும், குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 வருடம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 403. அதுபோக 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் 71-வது பிரிவு, பொருளைக் கண்டெடுத்தவர் அதை ஒப்படைப்புப் பொருள் மாதிரி பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. நீங்கள் சார்ஜ் போட்டு வைத்திருப்பதும் அந்தக் கணக்கில்தான் வரும் போல.

இரண்டு மூன்று நாளில் ஆள் கிடைக்கவில்லை என்றால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ஒப்படையுங்கள். சிஎஸ்ஆர் ரசீது, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது, இல்லாமல் திரும்பாதீர்கள், தர யோசித்தால் நீங்கள் எழுதின தாளின் நகலிலாவது சீல் போட்டு வாங்குங்கள். வெறுங்கையோடு வந்தால், கொடுத்தேன் என்பதற்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது.

சும்மாஒருவன்

வக்கீல் சார், ஒரு சிம் மாத்துறதுக்கு ஜெயில் வரைக்கும் போயிட்டீங்களே. ஆனா ஓடிபி விஷயம் நான் யோசிக்கலை, அது சரி.

கரிசல்காட்டான்

எல்லோருக்கும் நன்றி. கவரைக் கழற்றினேன், உள்ளே ஒரு பத்து ரூபாய்த் தாளும் முருகன் படமும்தான் இருந்தது. அவசரத் தகவல் காலி, சர்வீஸ்கடை சொன்ன மாதிரியே. ஐஎம்இஐ எழுதிக்கொண்டேன். சிம்மை என் போனில் போடவில்லை, கழற்றிப் பார்த்து அதன் மேல் அச்சடித்திருக்கும் நீள எண்ணை மட்டும் குறித்துவிட்டு அதிலேயே திரும்பப் போட்டுவிட்டேன். நாளைக்கு அந்தக் கம்பெனி ஷோரூமில் கேட்கலாமா?

சர்வீஸ்கடை

கேளுங்கள். உங்களிடம் வாடிக்கையாளர் நம்பரைச் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் சிம் வாங்கும்போது கொடுத்த மாற்று எண்ணுக்கு அவர்களே கூப்பிட்டு "உங்கள் போன் இன்னாரிடம் இருக்கிறது" என்று சொல்ல முடியும். செய்வதும் செய்யாததும் கவுண்டரில் அன்றைக்கு யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. நம்பர் மட்டும் தெரிந்தால் நீங்களே சின்னதாக ஒரு ரீசார்ஜ் போட்டுவிடலாம், அழைப்பு வர ஆரம்பித்துவிடும். அந்த நம்பர் தெரியாததுதானே நம் பிரச்சினையே!

டிப்போமகள்

எங்கள் அப்பா போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதனால் இதில் கொஞ்சம் தெரியும். எல்லோரும் போனுக்குள் ஆளைத் தேடுகிறீர்கள். அந்தப் பெரியவர் எங்கே தேடுவார் என்று யோசித்துப் பாருங்களேன். அவருக்கு சஞ்சார் சாத்தியும் தெரியாது, ஃபைண்ட் ஹப்பும் தெரியாது. போன் காணோம் என்று தெரிந்ததும் இறங்கின பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பி வந்து டைம் கீப்பர் ஆபீஸில் நின்று "இந்த நேரத்துக்கு மதுரையிலிருந்து வந்த வண்டி" என்று கேட்பார். சட்டைப் பையில் டிக்கெட் கிடந்தால் அதையும் நீட்டுவார். நம் ஊரில் தொலைத்தவர்கள் செய்கிற முதல் வேலை அதுதான், அப்பா காலத்தில் குடையிலிருந்து பெண் பார்க்கக் கொண்டுபோன பழக்கூடை வரைக்கும் அப்படித்தான் தேடி வருவார்களாம்.

அதனால் அண்ணா, நீங்கள் செய்ய வேண்டியது உங்கள் நம்பரை அந்த இடங்களில் விட்டுவைப்பது. உங்கள் டிக்கெட்டைத் தூக்கிப் போடவில்லை என்றால் அதில் டிப்போ, நேரம் எல்லாம் அச்சாகியிருக்கும். அதை வைத்து அந்த டிப்போவுக்கு போன் போட்டு, கண்டக்டர் சொன்னபடி போன் உங்களிடம் இருக்கிறது என்று பதியச் சொல்லுங்கள். சாத்தூர் பஸ் ஸ்டாண்ட் டைம் கீப்பரிடமும், முடிந்தால் அங்கே இருக்கிற டீக்கடை ஒன்றிலும் சொல்லி வையுங்கள். டீக்கடை என்று விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஒன்று மட்டும். போனின் நிறம், மாடல், கவர், உள்ளே இருந்த படம் எதையும் யாரிடமும் சொல்லாதீர்கள், "ஒரு போன்" என்று மட்டும் சொல்லுங்கள். கூப்பிடுகிறவர் அதைச் சொல்லட்டும். நேரில் வந்தால் உங்கள் முன்னாலேயே பேட்டர்னைப் போட்டுத் திறக்கச் சொல்லுங்கள், அதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டாம்.

நீதிமன்றவாசல்

இது எனக்குத் தோன்றவே இல்லை அம்மா. டிப்போவில் பதிந்தால் நல்லெண்ணத்தில் வைத்திருக்கிறார் என்பதற்கு அதுவே ஒரு ஆதாரமும் ஆகிவிடுகிறது.

கரிசல்காட்டான்

கிடைத்துவிட்டார்! டிக்கெட் பர்ஸில்தான் இருந்தது. டிப்போவில் எழுதிக்கொண்டார்கள். ஷோரூமில் "சார்கிட்ட கேட்டுச் சொல்றோம்" என்றதோடு சரி. சாத்தூரில் என் மாமா பையன் இருக்கிறான், அவனை அனுப்பி டைம் கீப்பரிடம் என் நம்பரைக் கொடுக்கச் சொன்னேன். அங்கே போனால் "அந்தப் பெரியவர் நேத்தே வந்து கேட்டுட்டுப் போனாரே" என்று ஒரு நோட்டிலிருந்து அவர் மகன் நம்பரை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்! மகனிடம் பேசினேன். கவருக்குள் என்ன இருக்கும் என்று கேட்டதும் அப்பாவிடம் கேட்டு "பத்து ரூபா, திருச்செந்தூர் முருகன்" என்றார்.

இன்று காலையில் அப்பாவும் மகனும் கோவில்பட்டிக்கே வந்துவிட்டார்கள். பேட்டர்ன் போட்டுத் திறந்தார், திறந்ததும் முதலில் பார்த்தது பேரப்பிள்ளை போட்டோ இருக்கிறதா என்றுதான். மகன் ஏற்கெனவே போலீஸில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டார். போனை முடக்க அதே நம்பரில் புது சிம் வாங்கி அதற்கு ஓடிபி வர வேண்டுமாம், இன்று மதியம் அதற்குத்தான் போவதாக இருந்திருக்கிறார். முடக்கியிருந்தால் மறுபடி விடுவிக்க இன்னொரு அலைச்சல். பணம் நீட்டினார், வாங்கவில்லை. சாத்தூர் சேவு ஒரு பொட்டலம் கொடுத்தார், அதை மறுக்க மனசு வரவில்லை.

சும்மாஒருவன்

சேவு வாங்குனது எந்த செக்ஷன்ல வருது வக்கீல் சார்?

நீதிமன்றவாசல்

அதே ஒப்பந்தச் சட்டம் 168. பொருளைக் காத்ததற்கும் ஆளைத் தேடினதற்கும் ஆன செலவுக்காக வழக்குப் போட முடியாது, ஆனால் அது கிடைக்கும் வரைக்கும் பொருளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். சேவு தாராளமாக வாங்கலாம்.

சர்வீஸ்கடை

நல்லது அண்ணாச்சி. அந்தப் பெரியவர் மகனிடம் பேசினால் ரெண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். அப்பா போனில் செட்டிங்ஸில் 'பாதுகாப்பும் அவசரமும்' பகுதிக்குள் போய் தன் நம்பரை அவசரத் தொடர்பாகப் போட்டு, லாக் ஆகியிருந்தாலும் தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள். சில மாடல்களில் இது வேறு பெயரில் இருக்கும், செட்டிங்ஸ் மேலே தேடும் இடத்தில் 'அவசர' என்று அடித்தால் வந்துவிடும். இன்னொன்று, ரீசார்ஜ் தேதியை அப்பாவிடம் விடாமல் மகனே பார்த்துக்கொள்ளட்டும்.

கரிசல்காட்டான்

ரீசார்ஜ் நம் வீட்டு வாசலில் நின்றபடியே மகன் போட்டுவிட்டார். அவசரத் தொடர்பு விஷயத்தை இப்போது அனுப்பி வைக்கிறேன்.