இருட்டிலும் வாசித்த பிள்ளை: வீட்டுப்பாட அனுபவங்கள்

கோத்தகிரித் தாய்:

இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகன் தமிழ்ப் பாடத்தை ஒவ்வொரு மாலையும் என் மாமியாருக்கு வாசித்துக் காட்டுவான். கொழுந்து பறித்து எடை போட்டுவிட்டு நான் வீடு திரும்ப ஆறரை மணி ஆகிவிடும் என்பதால், வீட்டுப்பாடம் அவர் பொறுப்பில் இருந்தது. அவருக்கு எழுத்துத் தெரியாது. பேரன் தடங்கலின்றி வாசிப்பதைக் கேட்பதே அவருக்குப் பெருமை. சென்ற நவம்பரில் மழை கொட்டிய ஓர் இரவு மின்சாரம் போய்விட்டது. அடுப்படியில் மெழுகுவத்தியைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான், இருட்டுக்குள் அவன் குரல் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பதை உணர்ந்தேன். ஒரு சொல்லும் தடுக்கவில்லை. நடுவில் பக்கத்தைப் புரட்டும் ஓசைகூடக் கேட்டது. வெளிச்சத்தோடு போய்ப் பார்த்தபோது அவன் விரல் வேறொரு பாடத்தின் மேல் இருந்தது. மறுநாள் அதே பாடத்திலிருந்து நான்கு சொற்களைத் தனித் தாளில் எழுதிக் காட்டினேன். ஒன்றை மட்டும் படித்தான். ஜூன் முதல் அவன் நோட்டில் அழகான கையெழுத்தும் சிவப்பு மைக் குறியும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. இத்தனை மாதம் நாங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது இன்றும் விளங்கவில்லை.

குந்தா பகுதி ஆசிரியை:

அதை ஏமாற்று என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். கேட்டதை மனத்தில் வாங்கி ஒப்பிப்பது வாசிப்புக்கு முந்தைய படி. பிள்ளை அந்தப் படியிலேயே நின்றுவிட்டதை வகுப்பறையும் கவனிக்கவில்லை என்பதுதான் குறை. அழகாகப் பார்த்தெழுதும் பிள்ளைகள்தாம் எங்கள் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடுகிறார்கள்.

என்னை உறுத்துவது வேறொன்று. சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த முதல் ஆண்டு, ஒன்றாம் வகுப்பில் பால் குவளையின் படத்தைக் காட்டி, இது எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று கேட்டேன். படுகர் வீட்டுச் சிறுமி ஒருத்தி எழுத்து அட்டைகளைக் கலைத்துக் கலைத்துத் தேடினாள். ‘ப’ அவள் கையிலேயே இருந்தது. கடைசியில் “ஹாலு” என்றாள். நான் “தவறு” என்றேன், அவள் உட்கார்ந்துகொண்டாள். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை, ஏனெனில் அங்கிருந்த பெரும்பாலோருக்கும் அது ஹாலுதான். படுக மொழியில் பால் ஹாலு, பூ ஹூ என்று நான் தெரிந்துகொள்ள அந்த ஆண்டின் இறுதி வரை ஆயிற்று. அதற்குள் அவள் கை தூக்குவதையே விட்டுவிட்டாள்.

கூடலூர் ஓட்டுநர்:

ஆசிரியை சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ‘வகுப்பறையும் கவனிக்கவில்லை’ என்பதில் உள்ள அந்த ‘உம்’ எங்களைக் குத்துகிறது. பொழுது சாய்ந்தால் யானைக்குப் பயந்து பிள்ளைகளை வெளியே அனுப்ப முடியாத ஊர் எங்களுடையது. ஐந்து மணிக்கு மேல் நடந்த இல்லம் தேடிக் கல்வி வகுப்புக்கும் பல நாள் அனுப்ப இயலவில்லை.

மூன்றாம் வகுப்பு மகள் 42இலிருந்து 17ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தாள். ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, நான்கிலிருந்து ஒன்று போனால் மூன்று. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டாள். எனக்குக் கற்றுத் தந்தபடியே, “பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு” என்றேன். அவள் பென்சிலை வைத்துவிட்டு, “அதை எப்போது திருப்பிக் கொடுப்போம், அப்பா?” என்று கேட்டாள். மளிகைக் கடைக்காரர் பாக்கிக்காக வாசலுக்கு வந்துபோன வாரம் அது. என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு நான்கு பத்து ரூபாய்த் தாள்களையும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களையும் மேசையில் வைத்து, ஒரு தாளுக்குச் சில்லறை மாற்றிக் காட்டினேன். மூன்று தாள், பன்னிரண்டு நாணயம். பதினேழைக் கொடுத்தால் மீதி இருபத்தைந்து. கணக்கு அன்றே விளங்கிவிட்டது. அவளுடைய கேள்விக்கு மட்டும் நான் விடை சொல்லவில்லை.

குன்னூர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்:

என் பேத்தியின் வீட்டுப்பாடத்தை ஒரு மாதம் நானே எழுதிக் கொடுத்து அகப்பட்டுக்கொண்டவன் நான். அதற்கு மேல் சொல்ல ஏதுமில்லை. ஆனால் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரமே உச்ச வரம்பு என்று ஒன்றிய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் புத்தகப்பைக் கொள்கை கூறுகிறது. எனவே கோத்தகிரித் தாய் பள்ளியில் தயங்காமல் பேசலாம். 2022இல் தொடங்கிய தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததன் நோக்கமே, எந்த வகுப்பில் அமர்ந்திருக்கிறான் என்பதைவிட எந்த நிலையில் நிற்கிறான் என்று பார்ப்பதுதான். உங்கள் மகன் எந்தப் பிரிவில் இருக்கிறான் என்று கேளுங்கள்.

வீட்டில் படத்தைக் கையால் மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கடைசி வரியிலிருந்து மேலே போகச் சொன்னால் ஒப்பித்தல் உடனே தெரிந்துவிடும். தெரியாத சொல்லை நீங்கள் நிரப்பாதீர்கள். அதன் அடியில் பென்சில் கோடு இட்டு அனுப்பினால், எங்கே தடுக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரியும். நாளும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் போதும். அது ஆறு மணிக்கு முன்னதாக, பிள்ளை களைப்படைவதற்குள் இருக்க வேண்டும். பாடத்தில் வந்த கதையைப் படுக மொழியில் திருப்பிச் சொல்லச் சொல்வதும் படிப்புதான். வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்று கட்டாயப்படுத்தத் தேவையில்லை.

கூடலூர் ஓட்டுநர்:

ஐயா, அவர் வீடு திரும்புவதே ஆறரைக்கு என்று முதல் வரிகளிலேயே எழுதியிருக்கிறார்.

கோத்தகிரித் தாய்:

தலைமையாசிரியர் ஐயாவுக்கு நன்றி. படத்தை மறைக்கும் முறையை மாமியாருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதற்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை என்று அவருக்கு மகிழ்ச்சி. ஒன்றை முதலில் எழுதாமல் விட்டுவிட்டேன். அன்று இரவு, மெழுகுவத்தியைக் கீழே வைத்த கையாலேயே அவனை அடித்தேன். மாமியார் அவனை இழுத்துத் தம் பின்னால் நிறுத்திக்கொண்டு, அவனுடைய வாசிப்பை நம்பிய தம்மையும் அடிக்கச் சொன்னார். இப்போது சொல்லின் கீழ் விரல் வைத்து மெதுவாக, திக்கித் திக்கி அவருக்கு வாசிக்கிறான். நான் அடுப்படியிலிருந்து அந்த அறைக்குள் வந்தால் குரல் நின்றுவிடுகிறது.