தென் தீவுகளில் நண்பர்களுடன் ஒரு நாள்: உல்லாசப் படகா, பயணிப் படகா?

உட்லண்ட்ஸ்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்த நாங்கள் எட்டுப் பேர், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வரும் ஜூலையில் சிங்கப்பூரில் கூடுகிறோம். கடைத்தொகுதிகளில் அலையாமல் ஒரு நாளைக் கடலில் கழிக்கலாம், செயின்ட் ஜான்ஸ், லாசரஸ், கூசு ஆகிய மூன்று தீவுகளையும் அவசரமில்லாமல் சுற்றி வரலாம் என்பது எண்ணம். உல்லாசப் படகு ஒன்றை நான்கு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார் ஒருவர். மரினா சவுத் படகுத்துறையிலிருந்து புறப்படும் பயணிப் படகே போதும் என்கிறார் இன்னொருவர். எங்களில் ஒருவருக்குப் பேருந்தில் ஏறினாலே குமட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். போய் வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றாக இருக்கும்.

நங்கூரம்:

நான்கு மணி நேரம் என்று அவர்கள் சொல்வது துறையை விட்டுக் கிளம்பித் துறைக்குத் திரும்பும் வரையிலான நேரம். போக அரை மணி, வர அரை மணி கழிந்தால் கையில் நிற்பது மூன்று மணி நேரம்தான். அதற்குள் மூன்று தீவுகள் என்று திட்டமிட்டால் நங்கூரத்தை இறக்குவதும் ஏற்றுவதுமாகவே பொழுது போய்விடும். லாசரஸின் பிறை வடிவக் கடற்கரைக்கு எதிரே ஒரே இடத்தில் நிறுத்திக்கொண்டு, நீந்துகிறவர்கள் நீந்தவும் பேசுகிறவர்கள் பேசவும் விட்டுவிடுவதே நிதானமான பயணம் என்பேன்.

ஜூலை என்பதால் இன்னொன்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை ‘சுமத்ரா’ என்று நாம் சொல்லும் புயற்காற்று மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ முற்பகலிலோ இடிமழையோடு வந்து இறங்கும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் அந்தக் காற்றில் எந்தப் படகோட்டியும் துறையை விட்டு நகரமாட்டார், நகரவும் கூடாது. நாங்கள் காலை ஒன்பது மணிப் படகை எடுத்தபோது இரண்டு மணி நேரம் துறையிலேயே மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாடகைக்கு விட்ட நிறுவனமோ அந்த இரண்டு மணி நேரத்தையும் எங்கள் கணக்கிலேயே எழுதிவிட்டது. ஆகவே பிற்பகல் நேரத்தைக் கேளுங்கள்; வானிலை கெட்டால் நேரத்தை மாற்றித் தருவார்களா என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேக்காக்காரர்:

குமட்டல் உள்ள நண்பருக்கு நின்றுகொண்டிருக்கும் படகுதான் முதல் எதிரி. ஓடும் படகைக் கூடத் தாங்கிவிடலாம். நங்கூரமிட்ட படகை, தூரத்தில் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போகும் விரைவுப் படகுகள் கிளப்பிவிட்ட அலை வந்து பக்கவாட்டில் ஆட்டும்போதுதான் வயிறு புரளும். அவரைப் படகின் நடுப்பகுதியில், தொடுவானம் தெரியும்படி உட்காரவையுங்கள். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் இஞ்சி மொரப்பா கிடைத்தால் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மாத்திரையைவிட அதற்குத்தான் மதிப்பு.

என் வாக்கு பயணிப் படகுக்கு. படகு பெரும்பாலும் முதலில் செயின்ட் ஜான்ஸைத் தொட்டு, கூசு வழியாகத் திரும்பும் சுற்றாகவே ஓடுவதால், அந்த வரிசையிலேயே திட்டமிடுங்கள். செயின்ட் ஜான்ஸில் இறங்கி, சிறு இணைப்புப் பாலத்தைக் கடந்து நடந்தால் கால் மணி, இருபது நிமிடத்தில் லாசரஸ் மணலில் நிற்பீர்கள். சாப்பாடும் தண்ணீரும் கையோடு கொண்டுபோவதே உத்தமம். கடல்மட்டம் ஒரே நாளில் மூன்று மீட்டர் வரை ஏறி இறங்கும் நாள்களும் இங்கே உண்டு. நீர் வற்றிய நேரத்தில் போய் நின்றுகொண்டு நீந்த முடியவில்லை என்று குறைப்படாமல், நீரேற்ற அட்டவணையை முந்தின இரவே பார்த்துவிடுங்கள். கூசுவில் 1923-இல் கட்டப்பட்ட துவா பெக் கோங் சீனக் கோயிலும், 152 படிகள் ஏறிப்போகும் மலாய் கெராமாட்டுகளும் (புனிதர்களின் அடக்கத்தலங்கள்) இருக்கின்றன. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில்தான் அங்கே கூட்டம் நெருக்கும். ஜூலையில் அமைதியாக இருக்கும்.

ரஜூலா பேரன்:

செயின்ட் ஜான்ஸைப் பாலத்துக்கான வழியாக மட்டும் கடந்து போய்விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1874-இல் அங்கே தொற்றுநோய்த் தடுப்பு முகாம் திறக்கப்பட்டது. கப்பலில் வந்து இறங்கியவர்கள், நம் ஊர்க்காரர்களும் சேர்த்து, நகருக்குள் வருவதற்கு முன் அங்கே தங்கவைக்கப்பட்டார்கள். நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலின் மேல்தளத்தில் ஏறி வந்த என் தாத்தா, சிங்கப்பூரைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஊரில் தொடங்கமாட்டார், அந்தத் தீவில்தான் தொடங்குவார். உடுத்தியிருந்த வேட்டி உட்பட எல்லாத் துணியையும் வாங்கி ஆவியில் அவித்துக் கொடுத்தார்களாம். அப்பாயி மடித்து வைத்திருந்த கல்யாண வேட்டியின் கரைச்சாயம் அதில் இறங்கிப்போனதைத் தொண்ணூறு வயதிலும் மனத்தாங்கலோடு சொல்வார். பிற்காலத்தில் அதே தீவு அரசியல் கைதிகளின் தடுப்புக்காவல் இடமாகவும் இருந்தது. பின்னாளில் அதிபரான தேவன் நாயர் 1951-இல் அங்கேதான் வைக்கப்பட்டார். மரநிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்து, எதிரே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைப் பாருங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி:

போய் வந்துவிட்டோம்; பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. பயணிப் படகையே தேர்ந்தெடுத்தோம். நங்கூரம் ஐயா சொன்னது போலவே காலையில் வானம் கறுத்துக் கொட்டியது, ஆனால் வாடகை ஓடவில்லை என்பதால் படகுத்துறையில் காப்பி குடித்துக்கொண்டு அடுத்த படகுக்குக் காத்திருந்தோம். குமட்டல்காரர் மொரப்பாவை வாயில் அடக்கிக்கொண்டு மொத்தப் பயணத்திலும் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லூரிக் காலத்தில் நாங்கள் எவ்வளவு முயன்றும் நடக்காத காரியம் அது. செயின்ட் ஜான்ஸின் பெரிய மரத்தடியில் அரை மணி என்று உட்கார்ந்தது இரண்டு மணி நேரமானதால் கூசுவில் இறங்காமலே திரும்பினோம். செயின்ட் ஜான்ஸின் பூனைகளைப் பற்றி மட்டும் யாரும் எச்சரிக்கவில்லை. புளியோதரையை நாங்கள் பிரித்துப் பங்கிட்டு முடிப்பதற்குள், வறுத்த நெத்திலிப் பொட்டலம் பாதி காலியாகியிருந்தது.