மூக்குக்கண்ணாடித் தொகுப்புகளுக்குச் சொல்லப்படும் கதைகளில் எவை ஃபிரேமில் உண்மையாகவே தெரிகின்றன?

சாளேசுவரம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எட்டப் பார்வைக்கும் கிட்டப் பார்வைக்கும் ஒரே கண்ணாடியாகப் புரோகிரசிவ் லென்ஸ் போட்டுக்கொள்ளும்படி கண் மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நாள் முழுவதும் முகத்தில் இருக்கப் போகும் பொருள் என்பதால், ஃபிரேமுக்குச் சற்றுக் கூடுதலாகவே செலவிடலாம் என்று எண்ணித் தேடிக்கொண்டிருக்கிறேன். மிலானின் மிடோ கண்காட்சியையும் பாரிசின் சில்மோ கண்காட்சியையும் ஒட்டி வெளிவரும் புதிய தொகுப்புகளின் குறிப்புகளைப் படித்தால், ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் ஒரு தூண்டுதல் சொல்லப்படுகிறது. ஒன்று பழைய கட்டடத்தின் வளைவிலிருந்து வந்தது என்கிறார்கள். மற்றொன்று 1960களின் நடிகர் ஒருவரின் தோற்றத்திலிருந்து, இன்னொன்று பறவையின் இறகிலிருந்து.

படிக்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தையும் குறிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சொல்லப்படும் கதைக்கும் ஃபிரேமின் உருவத்துக்கும் என்ன தொடர்பு என்பது பல நேரங்களில் பிடிபடவில்லை. ஒரு தூண்டுதல் உண்மையிலேயே வடிவத்தையோ கீலையோ பொருளையோ மாற்றிய எடுத்துக்காட்டுகள் உண்டா? கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது அதை எப்படி அடையாளம் காண்பது? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

பட்டறை எழுதியது:

ஃபிரேம் விற்பனையிலும் பழுதுபார்ப்பிலும் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்கிறேன். முதலில், காதுக்கம்பியில் எழுதியிருக்கும் பெயர் வேறு, ஃபிரேமைச் செய்பவர் வேறு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1988இல் ஆடை வடிவமைப்பாளர் ஜியார்ஜியோ அர்மானியும் கண்ணாடி தயாரிக்கும் லக்சோட்டிகா நிறுவனமும், பெயரைப் பயன்படுத்த உரிம ஒப்பந்தம் செய்துகொண்ட காலத்திலிருந்து, ஆடை நிறுவனங்களின் பெயரில் வரும் கண்ணாடிகளில் பெரும்பகுதி ஒருசில பெரிய ஆலைகளில்தான் உருவாகின்றன. ஆடம்பரப் பொருள் நிறுவனங்களான கெரிங் குழுமம் 2014இலும், லூயி வித்தோன் குழுமம் 2017இலும் தங்களுக்கென்று கண்ணாடிப் பிரிவுகளைத் தொடங்கியதும் இந்த வணிகத்தின் அளவை உணர்ந்துதான். எனவே ஒரே கூரையின் கீழ் பல பெயர்களுக்கான தொகுப்புகள் வரையப்படுகின்றன. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை தேவைப்படுகிறது.

அதற்காக இவை அனைத்தையும் வெறும் விளம்பரம் என்று நான் ஒதுக்க மாட்டேன். நகைக்கும் கடிகாரத்துக்கும் பெயர்பெற்ற கார்த்தியே நிறுவனத்தின் சாண்டோஸ் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேசில் நாட்டு விமானி ஆல்பெர்ட்டோ சாண்டோஸ்-டூமோனுக்காக 1904இல் உருவான கைக்கடிகாரத்தில், முகப்பு வளையத்தின் திருகாணித் தலைகள் மறைக்கப்படாமல் வெளியே தெரியும். 1983இல் அந்நிறுவனம் கண்ணாடித் துறைக்குள் வந்தபோது, அதே திருகாணித் தலைகள் மூக்கின் மேல் அமரும் ஃபிரேமின் பாலத்திலும் ஓரத்திலும் இடம்பெற்றன. உலோகத் துண்டுகளைத் திருகாணியால் இணைப்பது ஃபிரேமிலும் இயல்பான வேலை என்பதால், கடிகாரத்தின் அடையாளம் கண்ணாடியில் ஒட்டுப்போட்டது போலத் தெரிவதில்லை.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது பெர்சோல் 649 என்ற ஃபிரேம். 1957இல் இத்தாலியின் தூரின் நகரத்து டிராம் ஓட்டுநர்களுக்காக உருவானது அது. காற்றும் தூசியும் கண்ணில் படாமல் காக்க வேண்டும் என்ற ஒரே தேவைதான் அதன் அகன்ற லென்ஸையும் தடித்த ஓரத்தையும் தீர்மானித்தது. பின்னர் நடிகர் மார்ச்செல்லோ மாஸ்ட்ரோயான்னி திரையில் அணிந்ததால் உலகப் புகழ் பெற்றது என்றாலும், அந்த வடிவத்தில் நடிகருக்காகச் செய்யப்பட்டது எதுவும் இல்லை. விமானிகளுக்காக பாஷ் அண்ட் லாம்ப் செய்த ஏவியேட்டரும் அப்படிப்பட்டதே. கீழே இருக்கும் கருவிப் பலகையை விமானி தலையைக் குனியாமல் பார்க்கும்போதும் கண் லென்ஸுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கண்ணீர்த்துளி வடிவம். வேலையிலிருந்து பிறந்த வடிவமே நீடிக்கிறது என்பது என் கருத்து.

---

வரைகோல் எழுதியது:

பட்டறை அவர்கள் சொன்னவற்றுடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் அவருடைய கடைசி வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வேலைக்கும் தேவைக்கும் தொடர்பே இல்லாத ஒரு தூண்டுதல், கண்ணாடியின் வரலாற்றையே திருப்பிய நிகழ்வு ஒன்று உண்டு. வடிவமைப்பு படிக்கும் ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

1930களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் ஆல்ட்டினா ஷினாசி என்ற ஓவியர் கடைச் சாளரங்களை அலங்கரிக்கும் பணியில் இருந்தார். சால்வதோர் தாலி அமைத்த சாளரக் காட்சிகளிலும் உடன் வேலை செய்தவர். ஒரு கண்ணாடிக் கடையின் சாளரத்தில் பெண்களுக்கென்று வைக்கப்பட்டிருந்த ஃபிரேம்கள் அனைத்தும் உயிரற்று இருப்பதைக் கண்டு, முகத்துக்கு அழகு சேர்ப்பது எது என்று யோசித்தார். வெனிசுத் திருவிழாவில் அணியும், ஹார்லெக்வின் என்ற கோமாளிப் பாத்திரத்தின் முகமூடி அவர் நினைவுக்கு வந்தது. அந்த முகமூடியில் கண்ணுக்கான துளைகள் வெளிப்புறம் மேல்நோக்கி ஏறியிருக்கும். அவர் காகிதத்தை வெட்டி, முகத்தில் வைத்துப் பார்த்து, மாதிரி செய்தார்.

உற்பத்தியாளர்கள் பலர் இது விற்காது என்று மறுத்துவிட்டார்கள். மேடிசன் அவென்யூவில் இருந்த லூஜீன் என்ற கடை மட்டும், சில காலத்துக்கு வேறு எவருக்கும் தரக்கூடாது என்ற நிபந்தனையுடன் வாங்கியது. 1939இல் லார்ட் அண்ட் டெய்லர் நிறுவனத்தின் அமெரிக்க வடிவமைப்பு விருது அவருக்குக் கிடைத்தது. இன்று ‘கேட் ஐ’ என்று எல்லாக் கடைகளிலும் அடுக்கி வைத்திருக்கும் வடிவத்தின் மூலம் இதுவே.

இதில் எனக்கு வியப்பாக இருப்பது, அவர் முகமூடியிலிருந்து எதை எடுத்தார் என்பதைவிட எதை விட்டார் என்பதுதான். முகமூடியின் வண்ணக் கட்டங்களையோ பொன் வேலைப்பாட்டையோ அவர் தொடவில்லை. கண்துளையின் சாய்வை மட்டும் எடுத்துக்கொண்டார். அந்தச் சாய்வு புருவத்தின் வெளி முனையைத் தொடர்ந்து செல்வதால், அணிந்தவரின் கன்னம் உயர்ந்தது போன்ற தோற்றம் உண்டாகிறது. படிப்பாளிப் பெண்ணின் குறை என்று கருதப்பட்ட கண்ணாடியை விரும்பி அணியும் பொருளாக அந்த ஒரு கோடு மாற்றியது. தேவை என்று பார்த்தால் இதுவும் தேவைதான், தூசியைத் தடுக்கும் தேவை மட்டும் இல்லை.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். வட துருவப் பகுதியின் இன்யூட் மக்கள் எலும்பிலும் கொம்பிலும் மரத்திலும் மெல்லிய கீறல் மட்டும் விட்டுக் கண்காப்புகள் செய்து, பனியில் பட்டுத் தெறிக்கும் ஒளியால் கண் பார்வை கெடாமல் காத்துக்கொண்டார்கள். 1960களின் நடுவில் பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் ஆந்த்ரே கூரேஜ் தமது விண்வெளிக் காலத் தொகுப்பில் அதே வடிவத்தை வெள்ளைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தார். இது அருங்காட்சியகங்கள் போற்றும் பொருள். ஆனால் மூலத்தைச் செய்த மக்களின் நுண்ணறிவை இன்றைய விவரக் குறிப்புகள் ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தமே.

---

சாளேசுவரம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. முகமூடியிலிருந்து சாய்வை மட்டும் எடுத்தார் என்ற விளக்கம் நான் தேடியதற்கு மிக அருகில் வருகிறது. இனி என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். என் மூக்குத்தண்டு சற்றுத் தட்டையானது. கனமான ஃபிரேம் போட்டால் மாலைக்குள் கீழே இறங்கி, மூக்கின் இருபுறமும் தழும்பு விழுகிறது. எடையைக் குறைப்பதையே தூண்டுதலாகக் கொண்ட தொகுப்புகள் உண்டா?

---

கம்பிவேலை எழுதியது:

நீங்கள் கேட்பதற்கு நேரான விடை டென்மார்க்கில் இருக்கிறது. ஆர்ஹூஸ் நகரத்தில் கண்ணாடிக் கடை வைத்திருந்த பவுல்-யோர்ன் லிண்ட்பெர்க், தம் வாடிக்கையாளர்களுக்கு ஃபிரேமைப் பொருத்திப் பொருத்தி அவற்றின் குறைகளை அறிந்தவர். கட்டடக் கலை பயின்ற அவருடைய மகனும், ஹான்ஸ் டிசிங் என்ற கட்டடக் கலைஞரும் சேர்ந்து 1980களில் உருவாக்கியதே ஏர் டைட்டானியம். மெல்லிய டைட்டானியம் கம்பியை வளைத்து, அந்தக் கம்பியின் சுருளையே கீலாக்கினார்கள். திருகாணி இல்லை, பற்றவைப்பு இல்லை. கட்டடத்தின் உருவம் எதுவும் அதில் வரையப்படவில்லை. தேவையற்ற எதையும் வைக்கக்கூடாது என்ற டேனிஷ் கட்டடக் கலையின் ஒழுக்கம்தான் கம்பிக்குள் வந்திருக்கிறது. கட்டடக் கலையால் தூண்டப்பட்டது என்று சொல்வதற்கு இதைவிடத் தகுதியான ஃபிரேமை நான் பார்த்ததில்லை.

ஆஸ்திரியாவின் சில்லுவெட் நிறுவனம் 1999இல் வெளியிட்ட டைட்டன் மினிமல் ஆர்ட்டும் இதே வழியில் வந்தது. திருகாணியும் கீலும் இல்லாமல், லென்ஸைச் சுற்றி விளிம்பும் இல்லாமல், 1.8 கிராம் எடையில் ஃபிரேமை முடித்தார்கள். லென்ஸின் எடை இதில் சேராது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

உடலிலிருந்து வந்த தூண்டுதலுக்கு வடிவமைப்பாளர் ஃபிலிப் ஸ்டார்க்கின் கண்ணாடிகளைச் சொல்வேன். கண்ணாடி வடிவமைப்பாளர் அலென் மிக்லியுடன் சேர்ந்து 1990களில் அவர் கொண்டுவந்த இணைப்பு, தோளின் காறை எலும்பின் அசைவைப் பார்த்துச் செய்யப்பட்டது. வழக்கமான கீலில் காதுக்கம்பி உள்ளும் வெளியும் மட்டுமே போகும். இதிலோ சிறிய உருண்டை மூட்டு இருப்பதால் மேலும் கீழும் எந்தத் திசையிலும் அசைந்து திரும்பி வருகிறது. ஒற்றைக் கையால் கழற்றும்போது வழக்கமான ஃபிரேமின் ஒரு பக்கம் விரிந்து தளர்ந்துவிடும். அந்தத் தொல்லை இங்கே குறைவு. கதையைப் படிக்காமலேயே, கையில் எடுத்து அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

---

பட்டறை எழுதியது:

வரைகோல் அவர்களின் மறுப்பை மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன். ஷினாசியின் சாய்வுக் கோடு என் கருத்துக்குள் அடங்காததுதான். இனிக் கடையில் பார்க்க வேண்டியவற்றுக்கு வருகிறேன்.

அசிட்டேட் ஃபிரேமாக இருந்தால், முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். அசிட்டேட் என்பது பருத்தியிலிருந்தும் மரக்கூழிலிருந்தும் கிடைக்கும் செல்லுலோஸால் ஆனது. நிறங்களை அடுக்கி அழுத்திய தகட்டிலிருந்து ஃபிரேமை வெட்டியிருந்தால், நிறமும் கோலமும் விளிம்பு வரை ஊடுருவியிருக்கும். சாய்த்துச் செதுக்கிய இடத்தில் அடியடுக்கின் நிறம் வெளியே எட்டிப் பார்க்கும். மேற்பரப்பில் மட்டும் அச்சிட்டிருந்தால் விளிம்பு ஒரே நிறமாக நின்றுவிடும். இறகு, பளிங்கு, ஆமையோடு என்று எந்தக் கதை சொன்னாலும் இந்தச் சோதனை பொருந்தும். அழிந்துவரும் அழுங்காமையைக் காப்பதற்காக ஆமையோட்டின் பன்னாட்டு வணிகம் 1970களில் தடைசெய்யப்பட்ட பின், ஆமையோடு என்று விற்கப்படும் நிறத்தில் பெரும்பகுதி அசிட்டேட் போன்ற பிளாஸ்டிக்குகளின் கைவண்ணமே.

அடுத்து, முன்முகத்தின் இரு மூலைகளிலும் தெரியும் சிறு உலோகப் புள்ளிகள். பழைய முறையில் அவை கீலைத் தாங்கும் தறையாணிகளின் தலைகள். ஆணி அசிட்டேட்டைத் துளைத்துச் சென்று பின்புறக் கீல் தகட்டைப் பிடித்திருக்கும். இன்று பல ஃபிரேம்களில் கீலைச் சூடாக்கி உள்ளே பதித்துவிட்டு, முன்புறம் அலங்காரத்துக்காக மட்டும் புள்ளியை ஒட்டிவிடுகிறார்கள். ‘பழங்காலத் தூண்டுதல்’ என்று விலை கூட்டப்பட்டிருந்தால், ஃபிரேமைத் திருப்பி ஆணி மறுபக்கம் வருகிறதா என்று பாருங்கள்.

பழைய வடிவத்தை நேர்மையாக மீட்டவர்களும் இருக்கிறார்கள். 1980களில் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய ஆலிவர் பீப்பிள்ஸ், பயன்படுத்தப்படாமல் தங்கியிருந்த பழைய அமெரிக்க ஃபிரேம்களை மொத்தமாக வாங்கி, அவற்றிலிருந்து பாடம் படித்தே தன் வேலையைத் தொடங்கியது. கிரெகரி பெக் 1962இல் வழக்கறிஞராக நடித்த படத்தின் கண்ணாடியை ஒட்டி அவர்கள் செய்த ஃபிரேம், வட்டத்தின் அளவையும் விளிம்பின் மெல்லிய தன்மையையும் பிடித்திருக்கிறது. பெயரை மட்டும் கடன் வாங்கியதாக இல்லை.

உங்கள் மூக்குத்தண்டின் தொல்லைக்கு ஜப்பானின் ஃபுகுயி மாநிலத்தில் உள்ள சபாயேவைப் பரிந்துரைப்பேன். பனிக்காலத்தில் வயல்வேலை இன்றித் தவித்த உழவர்களுக்குப் பிழைப்பாக இருக்கட்டும் என்று 1905இல் மசுனாகா கொசாயிமோன் அங்கே இந்தத் தொழிலைக் கொண்டுவந்தார். ஜப்பானில் செய்யப்படும் ஃபிரேம்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இன்று அந்த வட்டாரத்தில் செய்யப்படுகின்றன. டைட்டானியத்தில் ஃபிரேம் செய்யும் நுட்பத்தை 1980களில் அவர்கள் வசப்படுத்தினார்கள். அங்கு வரும் ஃபிரேம்கள் பலவற்றில் மூக்குத்தாங்கியைத் தனிக் கம்பியில் வைத்து, மூக்கின் சாய்வுக்கு ஏற்ப வளைக்க இடம் கொடுத்திருப்பார்கள். நம்மில் பலருக்கு இது பொருந்தும். அசிட்டேட்டுக்குள் வார்த்துவிட்ட தாங்கியை அப்படி வளைக்க இயலாது.

கடைசியாக, புரோகிரசிவ் லென்ஸுக்குக் கண்மணியின் நடுவிலிருந்து ஃபிரேமின் அடிவிளிம்பு வரை போதிய உயரம் வேண்டும். லென்ஸின் வகையைப் பொறுத்து 14 முதல் 18 மில்லிமீட்டர் வரை கேட்பார்கள். ஒடுங்கிய கேட் ஐ வடிவம் எவ்வளவு பிடித்திருந்தாலும், இந்த உயரம் இல்லையென்றால் படிக்கும் பகுதி வெட்டுப்பட்டுவிடும். ஃபிரேமைப் போட்டு, மூக்குத்தாங்கியைச் சரிசெய்த பிறகு, லென்ஸின் மீது பேனாவால் கண்மணியின் இடத்தைக் குறித்து அளக்கச் சொல்லுங்கள்; அளந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.