புதுப்பிப்பு: 47 வயதில் தேர்வு எழுதப் போனேன்

மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள், மதியமானால் வீடு வெறிச்சென்று கிடக்கிறது, என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கலாமே என்று ஒருவர் சொல்லியிருந்தார். போனேன். இதுவரை நான்கு தேர்வுகள்.

முதலாவது பி.ஏ. வரலாறு. 3 மணி நேரத் தேர்வு, அவர்களுக்குக் கூடுதலாக 1 மணி நேரம் உண்டு. கேள்வியை வாசித்துக் காட்டி, அவர் சொல்வதை மட்டும் எழுத வேண்டும். அந்த ‘மட்டும்’தான் கஷ்டம். ஓர் ஆண்டைத் தவறாகச் சொன்னார். சரியான விடை எனக்குத் தெரியும். பேனா அப்படியே நின்றது. அப்புறம் அவர் சொன்னதையே எழுதினேன். அது அவருடைய தேர்வு. எத்தனை வருடம் மகள் பேச ஆரம்பித்ததை நானே முடித்து வைத்திருக்கிறேன் என்பது பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது.

இப்போது அவள் போனில் பேசினால் குறுக்கே புகாமல் கேட்கிறேன். போன வாரம் 40 நிமிடம் பேசினாள்.

சனிக்கிழமை ஐந்தாவது தேர்வு, பொருளியல். வரைபடக் கேள்வி வந்தால் எப்படி என்று முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.