பதில்: சுக்ஸ்வாங் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களுக்கு வணக்கம்.

சதுரங்கத்தில் எதை நகர்த்தினாலும் கேடு, ஆனால் நகர்த்தியே ஆக வேண்டும் என்ற இக்கட்டுக்குப் பெயர் சுக்ஸ்வாங். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை ‘நகர்வுக் கட்டாயம்’ என்ற இடத்தில் வந்து நிற்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்வதற்குப் போன ஞாயிறு எங்கள் சனசமூக நிலையத்தில் நான் ஆடிய ஆட்டத்தைக் கொஞ்சம் கதைக்க வேண்டும். பொறுத்தருள்க.

எதிரே உயர்தரம் படிக்கிற ஒரு பெடியன். மூன்று மணித்தியாலம் இழுபட்டுக் கடைசியில் பலகையில் மிஞ்சியது இவ்வளவுதான் (எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை): எனக்கு (வெள்ளை) சி6இல் ராஜா, டி6இல் சிப்பாய், எச்3இலும் எச்4இலும் ஒன்றன்பின் ஒன்றாக இரட்டைச் சிப்பாய்கள். அவனுக்கு சி8இல் ராஜா, என் எச்4ஐ மறித்துக்கொண்டு எச்5இல் ஒரு சிப்பாய். நகர்த்த வேண்டியது நான்.

டி7 என்று தள்ளினால் செக். அவன் டி8க்கு வருவான். சிப்பாயை விடாமல் இருக்க நான் டி6க்குத்தான் போக வேண்டும், போனால் ஸ்டேல்மேட்: செக் இல்லை, ஆனால் அவனுக்கு நகர்வே இல்லை, ஆட்டம் சமநிலை. டி7ஐத் தள்ளாமல் ராஜாவை அசைத்தாலோ அவன் ராஜா டி7க்கு வந்துவிடும், பிறகு எப்படி நெருக்கினாலும் வெல்ல ஏலாது. இரண்டு சிப்பாய் கூட வைத்துக்கொண்டு சமநிலை என்று கை குலுக்கினேன்.

இப்போது அதே பலகை, ஒரு காயும் மாறவில்லை, ஆனால் அவனுடைய முறை என்று வையுங்கள். டி8க்குப் போனால் நான் டி7. செக் இல்லை. அவன் இ7க்கு விலகத்தான் வேண்டும், நான் சி7, அடுத்தது ராணி. பி8க்குப் போனாலும் சிப்பாய் ஓடிவிடும். யாருடைய முறையோ அவருக்குத்தான் கேடு.

வீட்டுக்கு வந்து ஏட்டைப் பிரித்து ஒவ்வொரு நகர்வாகப் பார்த்தேன். ஒன்பது நகர்வுக்கு முன், மணிக்கூட்டில் இரண்டு நிமிடம் மிஞ்சியிருந்தபோது, என்ன செய்வதென்று தெரியாமல் எச்2 சிப்பாயை எச்3க்குத் தட்டியிருக்கிறேன். ஒரு காரணமும் இல்லை. அதைத் தொடாமல் வைத்திருந்தால் கடைசியில் எச்3 என்று ஒரு தட்டு, முறை அவன் தலையில், ஆட்டம் எனக்கு. இரட்டைச் சிப்பாய் என்று முழு ஆட்டமும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன், அதுதான் என் கைமுதல். போனில் இருக்கிற ஸ்ரொக்பிஷ் என்ற சதுரங்க நிரல் அந்த இடத்தில் 0.00, அதாவது சமநிலை, என்று காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தது. பெடியன்தான் பலகையடியிலேயே சரியாகச் சொன்னவன்: “அண்ணை, உங்களுக்குச் சும்மா இருக்க ஏலாமல் போச்சு.”

இனிச் சொல்லுக்கு வருகிறேன்.

> ஜெர்மனில் ‘சுக்’ நகர்வு, ‘ஸ்வாங்’ கட்டாயம். அப்படியே ‘நகர்வுக் கட்டாயம்’ என்றால் போதாதா?

போதாது ஐயா. சதுரங்கத்தில் முதல் நகர்விலிருந்தே கட்டாயம்தான். யாரும் ஒரு முறையைக் கடத்திவிட முடியாது. எப்போதும் இருக்கிற ஒன்று எப்போதோ வருகிற இக்கட்டுக்குப் பெயராகுமா? எனக்கு அன்றைக்கு நடந்தது கட்டாயம் வந்ததல்ல, கெடுதல் இல்லாத நகர்வு தீர்ந்துபோனது. கையில் காசு தீர்ந்தால் பணமுடை என்கிறோம். அதுபோல ‘நகர்வுமுடை’ என்று வைக்கலாம்.

முதலில் ‘நகர்முடை’ என்றுதான் எழுதினேன். வாசித்துப் பார்த்தால் மாநகரசபையில் ஏதோ தட்டுப்பாடு மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

> முடை என்றால் நாற்றம், பின்னுதல் என்றெல்லாம் பொருள் வருமே?

வரும். ஆனால் பணமுடை என்று கேட்டு யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. பின்னுவதைப் பொறுத்தவரை, எங்கள் பக்கம் கிடுகு பின்னுவோம், பாய் இழைப்போம். முடைவது பெரும்பாலும் புத்தகத்தில்தான். மேலும், இந்தச் சொல் வாயில் புழங்க வேண்டும். ‘நகர்வுக் கட்டாயத்திற்கு உள்ளாக்கப்பட்டார்’ என்று ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு யார் சொல்வது? ‘ஆள் முடைப்பட்டுப்போனார்’ என்றால் பக்கத்தில் நிற்பவனுக்கு விளங்கும்.

இன்னொரு வசதி. நான் வீணாக்கிய எச்3க்கும் இதே குடும்பத்தில் பெயர் கிடைக்கிறது: ‘கையிருப்பு நகர்வு’. இருப்பு உள்ளவனுக்கு முடை இல்லை. 1923இல் கோபன்ஹேகனில் சேமிஷுக்கு எதிராகப் பெயர்பெற்ற சதுரங்க வீரர் நிம்சோவிச் கடைசியாகச் செய்ததும் இப்படி ஒன்றுதான்: எச் வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம், எச்6. பலகை நிறையக் காய் இருக்கும்போதே சேமிஷ் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அது சுத்தமான சுக்ஸ்வாங்தானா என்று வாதம் இருக்கிறது; இருக்கட்டும்.

இரு பக்கத்துக்கும் பொதுவான நிலைக்கு, அதாவது என் ஆட்டத்தில் வந்ததற்கு, ‘இருமுடை’ என்று எழுதப் போனேன். மாலை போட்ட நண்பர் ஒருவர் சிரித்தார். ஆகவே ‘இருபக்க முடை’.

நாயும் புலியும் ஆட்டத்தில் புலியை அசையவிடாமல் கட்டுவதை ஒருவர் எடுத்துக்காட்டியிருந்தார். அழகான உவமைதான், ஆனால் அங்கே புலிக்கு நகர்வே இல்லை. இங்கே நகர்வு இருக்கிறது, எல்லாம் கெட்ட நகர்வு. புலியின் கதை ஸ்டேல்மேட்டுக்குக் கிட்டவாக வரும். அதை இதற்குள் கலக்காமல் தனி இழையாகத் தொடங்குங்களேன்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து

பி.கு.: பெடியனிடம் ‘நகர்வுமுடை’ என்று சொல்லிப் பார்த்தேன். “நல்லாத்தான் இருக்கு அண்ணை, ஆனா நீங்கள் எச்3 விளையாடினதுக்கு ஒரு சொல் கண்டுபிடியுங்கோ” என்கிறான்.