மறு: 'ஸ்கின்-ஆன்-பிரேம்' கயாக்குக்குத் தமிழில் என்ன சொல்?

> 'தோல்சட்டகப் படகு' சரியாக வருமா? ஸ்ட்ரிங்கர், ரிப், கன்வேல் மூன்றுக்கும் சொல் வேண்டும். முதல் படகு கட்டுகிற பையன்களுக்குப் புரியவேண்டும்.

ஐயா, வணக்கம்.

'தோல்' வேண்டாம் என்பேன். மரச்சட்டத்தின் மேல் போர்த்திக் கட்டுகிற இந்த ஒற்றையாள் துடுப்புப் படகுக்குக் கிரீன்லாந்தில் சீல் தோலை இழுத்துத் தைத்தார்கள், சரி. நம் பையன்கள் வாங்கப்போவது நைலான் துணி. தைத்து முடித்து, நீர் புகாமல் இருக்க மேலே பாலியூரித்தேன் பூசுவார்கள். ஒகேனக்கல் பரிசலும் முன்பு தோல் போர்த்தியதுதான். இப்போது பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்துவிட்டன, பெயர் மட்டும் மாறவில்லை.

'அம்பி' என்றார் இன்னொரு நண்பர். சிலப்பதிகாரத்தில் நம் வையைத் துறையில் நிற்கிற சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் அவை குதிரைமுகமும் யானைமுகமும் சிங்கமுகமும் வைத்த துறை ஓடங்கள். ஒற்றை ஆள் கால்நீட்டி உட்காரும் படகுக்கு ஒட்டவில்லை.

இது கட்டுமுறையின் பெயர். அதனால் 'போர்த்துக்கட்டு' என்று வைக்கலாம். பலகை வைத்துக் கட்டினால் பலகைக்கட்டு, சட்டத்தின் மேல் போர்த்தினால் போர்த்துக்கட்டு. போர்த்துக்கட்டுக் கயாக் என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் தடுக்காது. பரிசலும் இதற்குள் வந்துவிடும்.

ஸ்ட்ரிங்கருக்குப் புதுச்சொல்லே வேண்டாம், வரிச்சு இருக்கிறது. போன மாதம் சோழவந்தான் பக்கம் ஒரு கொட்டகை வேய்வதைப் பார்த்தேன். கைமரத்தின் குறுக்கே மூங்கில் வரிச்சை வைத்து, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, காலால் மிதித்து இழுத்து இறுக்கினார் பெரியவர். ஆணி ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன். ஆணி அடித்தால் மூங்கில் பிளக்கும், கட்டினால் காற்றுக்குக் கொடுத்து வாங்கும் என்றார். இந்தக் கயாக்கின் சட்டமும் அப்படியே: விலாக்களின் மேல் வரிச்சுகள் நீளவாக்கில் ஓட, சந்திக்கிற இடமெல்லாம் நூல்கட்டு. அலையில் அது நெளிந்து கொடுப்பது அந்தக் கட்டினால்தான்.

ரிப்புக்கு, கடற்கரையில் படகு கட்டுகிறவர்கள் சொல்கிற 'வங்கு' எனக்குப் பிடிக்கும். ஆனாலும் மதுரைப் பையனுக்கு 'விலா' உடனே புரியும், அதையே வைப்போம். கன்வேல், படகின் மேல்விளிம்பில் நீளவாக்கில் ஓடும் சட்டம்; அதற்கு விளிம்புச்சட்டம்.

அளவுகளைத் தயவுசெய்து அங்குலத்தில் எழுதவேண்டாம். கிரீன்லாந்து வழக்கில் நீளம், இரு கையும் விரித்த அளவில் மூன்று. நம் மீனவர் அதைப் 'பாகம்' என்கிறார்கள். ஆக, மூன்று பாகம். அகலம், இடுப்போடு இரண்டு முஷ்டி. உட்காரும் இடத்து ஆழம், முஷ்டியும் நிமிர்த்திய கட்டைவிரலும். கட்டுகிறவர் உடம்பே அளவுகோல். முதல் படகுக்கு மட்டும் அகலத்தில் நாலு விரல் கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், ஆட்டம் குறையும். ஆழத்தைக் கூட்டவேண்டாம், உயர்ந்த பக்கம் காற்றைப் பிடிக்கும், சாயங்காலக் கண்மாயில் படகைத் திருப்ப முடியாது.

'சைன்' மட்டும் அகப்படவில்லை. பக்கமும் அடியும் சேருகிற அந்த முனையில் ஓடும் வரிச்சுக்கு 'முனைவரிச்சு' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தச்சரிடம் சட்டத்தைத் தொட்டுக் காட்டிக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.